ஒலிபரப்பும் தனியார்மயமும்: மலேசியத் தமிழர் நோக்கில் ஒரு வரலாறு

வானொலி நம் நாட்டில் அரசாங்கத்தின் மடியிலேயே பிறந்து வளர்ந்த குழந்தை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1921-ஆம் ஆண்டில் ஏ. எல். பர்ச் என்னும் மின்துறைப் பொறியாளர் ஜொகூருக்கு வானொலிக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார்; ஆர்வலர் சிலர் கூடிச் சங்கம் அமைத்தனர்; பிற நகரங்களிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. முறையான ஒலிபரப்பைத் தொடங்கியதும் ஒரு தனியார் நிறுவனமே. 1930-களின் நடுவில் உரிமம் பெற்ற பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் நிலையம் அமைத்து நடத்திற்று. போர் மேகம் சூழ்ந்த 1940-ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் அதனைத் தன்வயப்படுத்திக்கொண்டது. ஆக, தனியாரிடம் தொடங்கி, போரின் பொருட்டு அரசுடைமையாகி, நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்நிலையிலேயே இருந்து, 1984-இல் மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட துறை இது.

அந்தத் திறப்பு நன்மையா, தீமையா என்னும் வாதம் இன்றளவும் நடந்துகொண்டிருக்கின்றது. பொருளியல் அறிஞர்கள் போட்டியைப் பற்றியும், அரசியலார் உரிமையைப் பற்றியும் பேசுகின்றனர். அவை ஒருபுறம் இருக்க, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. எண்ணிக்கையிற் சிறிய ஒரு மொழிக் கூட்டத்தாருக்கு ஒலியலையில் இடம் எப்படிக் கிடைக்கின்றது? இக்கட்டுரை அக்கேள்வியை வைத்துக்கொண்டே மலேசிய ஒலி, ஒளிபரப்பின் கதையைப் பார்க்க முயல்கின்றது.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஒலிபரப்பு முழுக்க முழுக்கப் போர்க் கருவியாயிற்று. சிங்கப்பூரிலிருந்து இயங்கிய ஆசாத் இந்து வானொலி பிற இந்திய மொழிகளோடு தமிழிலும் பேசியது. இந்திய தேசிய இராணுவத்திற்குத் தோட்டப்புறத் தமிழர் தேவைப்பட்டனர். எனவே தமிழ் அலையேறியது. போர் முடிந்து 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி உருவானபோது மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்னும் நான்கு மொழிப் பிரிவுகளுக்கும் அதில் இடமளிக்கப்பட்டது. அதனை ஆங்கிலேயரின் பெருந்தன்மை என்று கருதுவோர் 1948-இல் நிகழ்ந்ததைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு சூன் திங்களில் அவசரகாலம் பறைசாற்றப்பட்டது. காட்டிலிருந்து பொதுவுடைமையர் ஆயுதம் ஏந்திப் போராட, தோட்டத் தொழிலாளர் எப்பக்கம் சாய்வர் என்பது ஆட்சியாளரின் பெருங்கவலையாயிற்று. தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் ஊரார் ஒன்றுகூடிக் கேட்பதற்கென வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பால்மரத்தோடு மல்லாடிவிட்டு வந்த தொழிலாளி மாலையில் அப்பெட்டியின் முன் அமர்ந்து பாட்டும் கேட்டான், நாடகமும் கேட்டான், இவற்றினூடே அரசாங்கத்தின் சொல்லையும் கேட்டான்.

அரசுக்கு அன்று தமிழ்க் காதுகள் தேவைப்பட்டன. ஆதலால் தமிழ் ஒலித்தது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் நிகழ்ந்தவை தெளிவாக விளங்கும்.

விடுதலைக்குப் பின்னர் 1959 சனவரி முதல் நாள் மலாயா வானொலி கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1963 டிசம்பர் 28-இல் துங்கு அப்துல் ரகுமான் தொலைக்காட்சியைத் தொடக்கி வைத்தார். 1969-இல் இரண்டும் ஒரே துறையாகி அங்காசாபுரியில் குடியேறின. அவ்வாண்டு நவம்பரில் இரண்டாம் அலைவரிசையும் வந்தது. மே கலவரத்தின் புண் ஆறாத காலம் அது. ஆகவே தொலைக்காட்சி தேசத்தைக் கட்டியெழுப்பும் கருவி என்னும் கொள்கை வேரூன்றிற்று. இக்கொள்கையின் பலத்தையும் பலவீனத்தையும் ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் எழுத்தாளர்களுள் ஒருவரே என்பது நமக்குப் பெருமை தருவது. மலேசிய ஒலி, ஒளிபரப்பில் பணியாற்றிப் பின்னர் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ரெ. கார்த்திகேசு, நாவலாசிரியராக மட்டுமன்றி, இத்துறையின் ஆய்வாளராகவும் விளங்கினார்.

அரசாங்க வானொலியின் தமிழ்ப் பிரிவு நமக்குச் செய்தது சிறிதன்று. நூல் வெளியிட வசதியில்லாத எழுத்தாளனின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது வானொலி நாடகத்தாலே. எழுத்துக்குச் சன்மானம் என்று ஒன்று உண்டு என்பதைப் பலர் அறிந்துகொண்டதும் அங்குதான். எனினும் அதன் எல்லையையும் கூறாமல் இருத்தல் நேர்மையாகாது. தோட்டத் துண்டாடலாலும் குடியுரிமைச் சிக்கலாலும் தமிழ்க் குடும்பங்கள் அலைக்கழிந்த ஆண்டுகளில், அத்துயரை அதன் முழு உருவில் அரசாங்க வானொலியில் கேட்டிருத்தல் இயலாது. ஓர் அமைச்சின் கீழ் இயங்கும் நிலையம் அவ்வமைச்சைச் சங்கடப்படுத்தாது. அங்கே அளவு இருந்தது, பண்பு இருந்தது, பிழையற்ற தமிழும் இருந்தது. இல்லாதது துணிவு.

இனி, தனியார்மயத்திற்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் அரசாங்கத் தொலைக்காட்சியை அசைத்தது எந்தக் கொள்கையும் அன்று, ஒளிநாடாப் பெட்டியே. வாடகைக்குக் கிடைத்த ஒளிநாடாக்களில் சீனர் ஹாங்காங் தொடர்களையும் தமிழர் தமிழ்த் திரைப்படங்களையும் கண்டு களித்தனர். ஜொகூர்க்காரர் சிங்கப்பூரின் அலைவரிசைகளுக்கு ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டனர். மக்கள் தாமாகவே கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்ட பின்னரே அரசாங்கம் தளர்த்தியது என்று கூறினும் மிகையாகாது. அதே வேளையில் 1983-இல் பிரதமர் மகாதீர் தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். 1984 சூன் முதல் நாள் டிவி3 ஒளிபரப்பைத் தொடங்கிற்று.

யாருக்கு அந்த உரிமம் கிடைத்தது என்பதில்தான் செய்தி இருக்கின்றது. டிவி3-ஐ நடத்திய நிறுவனத்தின் பெரும் பங்காளி ஆளுங்கட்சியான அம்னோவைச் சார்ந்த ஃபிளீட் குழுமம். கூட்டணிக் கட்சிகளைச் சார்ந்த நிறுவனங்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டது. ம.இ.கா. முன்னின்று 1982-இல் தொடங்கிய மைக்கா நிறுவனமும் அவற்றுள் ஒன்று. தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட பல்லாயிரவர் சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்ட பணம் மைக்காவின் முதல் என்பது வாசகர் அறிந்ததே. நாட்டின் முதல் தனியார்த் தொலைக்காட்சியில் தமிழரின் வெள்ளிக்கு இடம் இருந்தது. தமிழரின் மொழிக்கு அதே அளவு இடம் இருந்ததா என்றால், இல்லை. பங்குதாரராக இருப்பதும் பார்வையாளராக மதிக்கப்படுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. கட்டுப்பாட்டைத் தளர்த்துதல் என்றால் சட்டம் குறையும் என்றுதானே எண்ணுவோம்? இங்கு நடந்தது வேறு. வாசல் 1984-இல் திறந்தது. அமைச்சரின் கையில் விரிந்த அதிகாரத்தை வைத்த ஒலி, ஒளிபரப்புச் சட்டம் 1988-இல் வந்தது. உரிமம் அளிப்பதும், நிபந்தனை விதிப்பதும், பறிப்பதும் அமைச்சரின் விருப்பத்தைப் பொறுத்தவை. ஒளிபரப்பாளர் எண்ணிக்கையில் பெருகினர். அவர்கள் யாருக்கு அஞ்ச வேண்டும் என்பது மாறவில்லை. உரிமையாளர் மாறுதல் வேறு. கட்டுப்பாடு நீங்குதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே நம் மேடைகளில் பலர் தனியார்மயத்தை வாழ்த்துகின்றனர். அவ்வாறே கருதி வேறு பலர் தூற்றுகின்றனர்.

1990-களில் கூட்டம் பெருகிற்று. 1995-இல் மெட்ரோவிஷன் வந்து 1999-இல் மூடப்பட்டது. அதே 1995-இல் மெகா டிவி வந்தது; அதுவும் நீடிக்கவில்லை. 1998-இல் என்டிவி7 தோன்றியது. அவ்வாண்டு நிறைவேறிய தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1999 ஏப்ரலில் நடப்புக்கு வந்து 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இணையம் தணிக்கை செய்யப்படாது என்று பொருள்படும் ஒரு பிரிவு அப்புதிய சட்டத்தில் இடம்பெற்றது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அத்தகைய வாக்குறுதி ஏதும் தரப்படவில்லை. (இணையத்திற்குத் தந்த வாக்குறுதியும் காலப்போக்கில் மெலிந்தது. 2025 சனவரி முதல் 80 லட்சத்திற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளங்கள் உரிமம் பெற்றாக வேண்டும் என்றாயிற்று.)

இத்தனை பேர் வந்தும் முடிவில் எஞ்சியது யாது? 2003-இல் மீடியா பிரிமா என்னும் குழுமம் உருவாகி டிவி3-ஐத் தன்னகத்தே கொண்டது. 2004-இல் மெட்ரோவிஷன் இருந்த இடத்தில் 8டிவி எழுந்தது. 2005-இல் என்டிவி7 சேர்க்கப்பட்டது. 2006-இல் டிவி9 தொடங்கப்பட்டது. நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருபத்திரண்டு ஆண்டுகளில், போட்டிக்கெனத் திறந்த கட்டணமில்லாத் தொலைக்காட்சி, தனியார் ஒருவரின் கைக்குள் அடங்கிற்று. விளம்பர வருவாய் ஓரளவே உள்ள சிறிய நாட்டில் இது வியப்பன்று. பல கடைகள் திறந்து சில மூடி, எஞ்சியவற்றை ஒருவரே வாங்கும் காட்சியை நம் ஊர்ச் சந்தைகளிலும் காண்கிறோம். அக்குழுமத்தின் நான்கு தொலைக்காட்சிகளில் ஒன்றுகூடத் தமிழுக்கென அமையவில்லை. மலாய், ஆங்கிலம், சீனம் என்று வானொலி நிலையங்களை நடத்திய அது தமிழ் நிலையம் ஒன்றைத் தொடங்கவுமில்லை.

இங்கு நிறுத்தினால் தனியார்மயம் தமிழுக்குக் கேடே செய்தது என்று முடித்துவிடலாம். அது பாதி வரலாறே. மறுபாதி 1996-இல் தொடங்குகின்றது.

அவ்வாண்டு சனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டு ஆஸ்ட்ரோ சந்தாத் தொலைக்காட்சி பிறந்தது. அதன் உரிமையாளர், 2024-இல் மறைந்த ஆனந்த கிருஷ்ணன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் பிறந்த இலங்கைத் தமிழ் வழியினர். ஆனால் அவர் தமிழர் என்பதனால் ஆஸ்ட்ரோவில் தமிழ் வந்தது என்று கூறுவது வணிகத்தை அறியாதார் கூற்று. சந்தாத் தொலைக்காட்சியின் கணக்கு விளம்பரத் தொலைக்காட்சியின் கணக்கைப் போன்றதன்று. விளம்பரம் தருவோன் கூட்டத்தின் அளவை நோக்குகிறான். அங்கே சிறுபான்மை தோற்கும். சந்தா விற்போனோ, வீட்டில் ஒருவரேனும் மாதந்தோறும் பணம் கட்டத் துணியும் அளவுக்கு எதனை விரும்புகின்றார் என்று நோக்குகிறான். தமிழ் நிகழ்ச்சிக்கு ஏங்கியிருந்த நம் குடும்பங்கள் அதற்கு அணியமாக இருந்தன. வானவில் அலைவரிசை வந்தது. பின்னர் தமிழ்நாட்டின் சன் தொலைக்காட்சியும் பிறவும் வந்தன. அரசாங்க அலைவரிசையில் தமிழ்ப் படத்திற்குக் காத்துக்கிடந்த வீட்டில், நாள் முழுதும் தமிழ் ஒலிக்கலாயிற்று.

வானொலியிலும் அவ்வாறே. நெடுஞ்சாலைப் பயணிகளை நோக்கி 1994-இல் தொடங்கிய டைம் ஹைவே ரேடியோ கைமாறி, 2000-களின் நடுவில் தமிழுக்கென டிஎச்ஆர் ராகா என்னும் நிலையமாக உருப்பெற்றது. அதுவரை 'வானொலி ஆறு' என்று நாம் அறிந்திருந்த அரசாங்கத் தமிழ் நிலையமும் மின்னல் எஃப்எம் என்று பெயர் புனைந்து, உடை மாற்றி, உற்சாகக் குரலோடு வந்தது. போட்டியால் விளைந்த நன்மை இது. எதிரில் ஒருவன் கடை போட்டாலன்றி நம் கடையின் தூசியைத் தட்ட நமக்குத் தோன்றுவதில்லை. உள்ளூர்ப் பாடகர், இசையமைப்பாளர், நடிகர், அறிவிப்பாளர் எனப் புதியதொரு தலைமுறைக்கு வேலையும் புகழும் கிடைத்தன.

தனியார் அறிவிப்பாளரின் கலப்புத் தமிழைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் எழும் புலம்பலை நான் முழுதும் ஏற்பதில்லை. பழைய வானொலித் தமிழ் எழுதிவைத்துப் படித்த தமிழ். அதன் அழகு அதற்குரியது. ஆனால் தமிழ்ப்பள்ளிக்கே செல்லாத இளைஞன் ஒருவனைத் தமிழ் நிலையத்தின் பக்கம் திருப்பியது அந்தக் கலப்புக் குரலே. மொழித் தூய்மையைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. அதனை நாம் கவனிக்கவில்லை.

அவ்விழப்பு இரண்டு வகை. முதலாவது, தமிழ் கேட்பதற்கு விலை வந்தது. அரசாங்க நிகழ்ச்சி குறைவாயினும் அது எவர் வீட்டிற்கும் உரியது. சந்தாத் தமிழ் பணம் கட்டியவனுக்கே உரியது. தோட்டத்தை விட்டு வெளியேறி நகரின் புறம்போக்கிலும் மலிவு அடுக்ககத்திலும் குடியேறிய குடும்பத்திற்கு மாதச் சந்தா எளிய சுமையன்று. செயற்கைக்கோள் வழி வீட்டிற்கு நேரே வழங்கும் சேவையில் 2017 வரை ஆஸ்ட்ரோவுக்குத் தனியுரிமை இருந்ததால், விலை கூடினால் வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. மாதச் சந்தா இல்லாத என்ஜாய் சேவை 2012-இல் வந்தது. அதில் காணக்கிடைத்தவை ஒரு பகுதியே.

இரண்டாவது இழப்பு எழுத்தாளனுடையது. ஒரு மணி நேரத்தை உள்ளூர் நாடகத்தால் நிரப்பக் கதாசிரியன், நடிகன், தயாரிப்பாளன் என்று பலருக்கு ஊதியம் தர வேண்டும். அதே ஒரு மணி நேரத்தைச் சென்னையில் முன்னரே தயாரித்த தொடரால் நிரப்பினால் செலவு பன்மடங்கு குறையும். திரைப்பாடலால் நிரப்பினால் இன்னும் எளிது. ஆகவே தமிழ் நேரம் பெருகப் பெருக, மலேசியத் தமிழனின் வாழ்க்கையைக் கூறும் நேரத்தின் விழுக்காடு சுருங்கிற்று. சென்னை மாமியாரின் சூழ்ச்சியை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர். சிலாங்கூரில் வீடு உடைக்கப்பட்ட தோட்டத்து மாமியாரின் கதை எந்தத் தொடரிலும் வருவதில்லை. வானவில் உள்ளூர்த் தொடர்களையும் பாட்டுப் போட்டிகளையும் தயாரித்தது. அதனை மறுப்பார் இல்லை. எனினும் அவை வாங்கிய நிகழ்ச்சிக் கடலில் சிறு தீவுகள்.

அரசு அஞ்சியதனால் பேசாதிருந்ததை வணிகம் இலாபமின்மையால் பேசாதிருந்தது. வாய் மூடியதற்குக் காரணம் மாறிற்று, மௌனம் மாறவில்லை.

பாலத்தின் மறுகரையில் நடந்ததையும் இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. நம் இரு நாட்டு ஒலிபரப்பும் 1959 வரை ஒரே வீட்டில் இருந்தவை. சிங்கப்பூர் 1980-இல் ஒலிபரப்புத் துறையைச் சட்டக் கழகமாக்கி, 1994-இல் அதனை நிறுவனங்களாகப் பிரித்தது. அவை பிற்காலத்தில் மீடியாகார்ப் என்னும் குடைக்கீழ் வந்தன. அதன் உரிமையோ அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம். 2001-இல் போட்டி வேண்டுமென்று செய்தித்தாள் நிறுவனமான எஸ்பிஎச்சுக்கு உரிமம் தரப்பட்டு மீடியாவொர்க்ஸ் தொடங்கிற்று. சீனத்தில் ஓர் அலைவரிசை, ஆங்கிலத்தில் ஓர் அலைவரிசை. தமிழுக்கு ஒன்றுமில்லை, மலாய்க்கும் ஒன்றுமில்லை. மூன்றே ஆண்டுகளில் நட்டம் தாங்காமல் 2004-இல் இணைப்பு அறிவிக்கப்பட்டது. 2005 சனவரியில் ஆங்கில அலைவரிசை மறைந்தது.

அங்கே தமிழ் வளர்ந்தது போட்டியினாலன்று. 2000-இல் வசந்தம் சென்ட்ரல் என்று அலைவரிசை ஒன்றைப் பிற நிகழ்ச்சிகளோடு பகிர்ந்துகொண்டிருந்த தமிழ், 2008 அக்டோபரில் வசந்தம் என்னும் தனி அலைவரிசையைப் பெற்றது. அதன் பின்னால் நின்றது பொதுச்சேவை ஒளிபரப்புக்கென அரசு ஒதுக்கிய பணம். வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 110 வெள்ளி என்றிருந்த தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை 2011-இல் சிங்கப்பூர் நீக்கிய பின்னரும் அரசுக் கருவூலம் அச்செலவை ஏற்றது. உள்ளூர் நாடகம் தயாரிக்கப்பட்டது. உள்ளூர் எழுத்தாளருக்கு வேலை கிடைத்தது. அரசு விரும்பாததை அங்கும் பேச முடியாது என்பது வேறு செய்தி. மலேசியத் தமிழருக்கு நேரம் மிகுதி, சொந்தக் கதை குறைவு. சிங்கப்பூர்த் தமிழருக்கு நேரம் குறைவு, சொந்தக் கதை மிகுதி. எதனைத் தேர்வீர் என்று கேட்டால், எழுதுகிறவன் என்ற முறையில் நான் பின்னதைத் தேர்வேன். சந்தா கட்டிக் களைப்பாற விரும்பும் என் அண்டை வீட்டார் முன்னதையே தேர்வர். அவரைக் குறை கூறவும் நான் அணியமாக இல்லை.

நம் சங்கங்கள் இதுகாறும் அரசாங்க நிலையத்தின் தமிழ் நேரம் குறையும்போது மட்டுமே மனு எழுதி வந்துள்ளன. அம்மனுக்கள் தேவையானவையே. ஆனால் தனியார் ஒலிபரப்பாளன் பயன்படுத்தும் அலையும் பொதுச்சொத்துதான். அவன் அதனை உரிமத்தின் பேரில் குறித்த காலத்திற்குப் பெற்றிருக்கின்றான். உரிமம் புதுப்பிக்கப்படும் வேளையில் தமிழ் நிகழ்ச்சியை விற்று வருவாய் காண்போரிடம், வாரத்திற்கு இத்தனை மணி நேரம் இந்நாட்டில் எழுதப்பட்ட நாடகம், எழுதியவருக்கு இன்ன ஊதியம், கட்டணமின்றிப் பார்க்கத்தக்க ஓர் அலைவரிசை என்று நிபந்தனை விதிக்கும்படி ஆணையத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. எந்த ஆண்டில் எந்த உரிமம் முடிகின்றது என்னும் பட்டியலைத் தயாரித்து வைத்துக்கொள்வதிலிருந்து அவ்வேலையைத் தொடங்கலாம்.